வரலாற்று நாடகச் சுவரொட்டி: சான்று, புனைவு, அறிவிப்பு – ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்று நாடகம் ஒன்றைக் காண்போரினும் அதன் சுவரொட்டியைக் காண்போர் பன்மடங்கினர். அரங்கினுள் நுழையாத பெரும்பான்மையினர்க்கு அச்சுவரொட்டியே நாடகமாகவும், பல வேளைகளில் வரலாறாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே, சுவரொட்டி வடிவமைப்பு விளம்பரக் கலையின் எல்லைக்குள் மட்டும் அடங்குவதன்று; அது வரலாற்றெழுதியலோடும் தொடர்புடையது. வரலாற்று நாடகச் சுவரொட்டியில் சான்று, புனைவு, அறிவிப்பு என்னும் மூன்று கூறுகள் இடம்பெறுகின்றன. பார்ப்பவர் இவற்றை வேறுபிரித்து உணருமாறு வடிவமைப்பதே அதன் அடிப்படை நெறி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அரு. இராமநாதன் எழுதிய ‘ராஜராஜ சோழன்’ நாடகம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்று நாடகம், சுவரொட்டி, கல்வெட்டு, எழுத்து வடிவம், காலப்பிழை, தஞ்சைப் பெரிய கோயில்

1. முன்னுரை

தமிழ் நாடக ஆய்வுகள் பனுவல், நடிப்பு, இசை, குழுக்களின் வரலாறு ஆகியவற்றில் கருத்துச் செலுத்திய அளவிற்கு நாடக அறிவிப்புகளில் செலுத்தவில்லை. நோட்டீசும் சுவரொட்டியும் நாடகம் நடந்த நாளையும் இடத்தையும் உறுதிசெய்யும் துணைச்சான்றுகளாகவே பெரிதும் கையாளப்பட்டு வந்துள்ளன. அவற்றின் வடிவம் எதைச் சொல்கிறது என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டது.

வரலாற்று நாடகத்தைப் பொறுத்தவரை இவ்வினா இன்றியமையாதது. சமூக நாடகத்தின் சுவரொட்டியில் வரையப்படும் முகம் கற்பனை மாந்தர் ஒருவருடையது. அது எவ்வாறு அமையினும் பிழையென்று கூற வழியில்லை. வரலாற்று நாடகத்தில் நிலை வேறு. அங்கு வரையப்படும் முகம், உடை, எழுத்து, கட்டடம் ஆகிய ஒவ்வொன்றும் ‘அக்காலத்தில் இவ்வாறு இருந்தது’ என்னும் கூற்றாக மாறுகிறது. அக்கூற்றுக்கு அடிக்குறிப்பு இல்லை. மறுப்பு எழுதுவதற்கு இடமும் இல்லை. எனவே, அதன் பொறுப்பை வடிவமைப்பே ஏற்க வேண்டியதாகிறது.

2. நாடக அறிவிப்பின் ஐந்து கூறுகள்: ஒரு கல்வெட்டுச் சான்று

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த இக்கல்வெட்டு, இராசராசேசுவர நாடகம் என்னும் நாடகத்தை ஆடுவதற்கு வழங்கப்பெற்ற நிவந்தத்தைப் பதிவு செய்கிறது. சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்பவரும் அவர்தம் வர்க்கத்தாரும் வைகாசிப் பெருந்திருவிழாவில் இதனை ஆடுதற்கு, நாள்தோறும் ஒரு தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம் நெல் பெற்றனர். மூன்று தூணி ஒரு கலமாதலின், 360 நாள்களுக்கு இக்கணக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இந்நாடகத்தின் பனுவல் இன்று கிடைக்கவில்லை. இராசராசனின் வாழ்வை அது நடித்துக் காட்டியதா, அவன் எடுப்பித்த கோயிலின் வரலாற்றையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கல்வெட்டின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. நாடகத்தின் பெயர், ஆடுவோர் பெயர், ஆடும் இடம், ஆடும் காலம், பொருட்குறிப்பு என ஐந்து செய்திகளை அது தருகிறது. இன்றைய சுவரொட்டியிலும் இவ்வைந்தும் தவிர்க்க இயலாதவை. பொருட்குறிப்பின் திசை மட்டுமே மாறியுள்ளது. அன்று கோயில் பண்டாரத்திலிருந்து ஆடுவோர்க்கு நெல் அளக்கப்பட்டது. இன்று பார்வையாளர் நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்.

கல்வெட்டுக்கும் சுவரொட்டிக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. முன்னது உரிமையைச் சந்திரன், சூரியன் உள்ளவரை நிலைநிறுத்துவது. பின்னது குறிப்பிட்ட நாளுக்கு மக்களை அழைத்துவிட்டு அழிந்துபோவது. ஆனால் சுவரொட்டி அழிந்த பின்னும் அது பதித்த உருவம் அழிவதில்லை. இவ்வாய்வின் சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது.

3. சொல்லால் அழைத்தலும் உருவால் அழைத்தலும்

அச்சுக் காலத் தமிழ் நாடக நோட்டீசுகள் பெரிதும் சொற்களால் நிறைந்தவை. கம்பெனி நாடகக் காலத்தில் மாட்டுவண்டியில் வாத்தியம் முழங்க ஊர்வலமாகச் சென்று இவை வழங்கப்பட்டன. நாடகப் பெயர், நடிகர்களின் பட்டங்கள், காட்சிச் சிறப்புகள், தரை, பெஞ்சு, நாற்காலி என்ற கட்டண வகுப்புகள் ஆகியன ஒரே தாளில் நெருக்கமாக அச்சிடப்பெற்றன. தாளைக் கையில் வாங்கியவர் நின்று படிப்பார். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் படித்துக்காட்டுவார் என்ற எதிர்பார்ப்பின் மேல் எழுந்த வடிவம் இது.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் வழங்கும் ஸ்பெஷல் நாடகச் சுவரொட்டிகள் இம்மரபின் வளர்ச்சி எனலாம். இவற்றில் நடிகர்களின் ஒளிப்படங்கள் வரிசையாக இடம்பெறும். ஒவ்வொன்றின் கீழும் கலைஞரின் பெயர், ஊர், பட்டம் ஆகியன அச்சிடப்படும். ‘வள்ளி திருமணம்’ நாடகத்திற்கான சுவரொட்டியில் வள்ளியையோ முருகனையோ விட, அவ்வேடங்களை ஏற்கும் கலைஞர்களே முதன்மை பெறுவர். கதை யாவரும் அறிந்தது. இன்றிரவு ஆடப்போவது யார் என்பதே செய்தி. இங்கு உருவம் எதைக் குறிக்கிறது என்பதில் மயக்கத்திற்கு இடமில்லை.

உருவால் அழைக்கும் முறைக்கு மேலைநாட்டில் சிறந்த எடுத்துக்காட்டு, அல்போன்ஸ் மூக்கா பாரிசில் வரைந்த ‘ஜிஸ்மோந்தா’ சுவரொட்டியாகும். விக்தோரியன் சார்து எழுதிய இந்நாடகம் 15ஆம் நூற்றாண்டு ஏதென்சைக் களமாகக் கொண்டது. சாரா பெர்னார் தலைமை வேடமேற்றார். 1895 சனவரி தொடக்கத்தில் பாரிசு நகரச் சுவர்களில் இது ஒட்டப்பெற்றது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 74 செ.மீ. அகலமும் கொண்ட இதில், ஏறக்குறைய ஆளுயரத்தில் ஒரே உருவம் நிற்கிறது. நாடகத்தின் இறுதிப் பகுதியில் வரும் குருத்தோலை ஞாயிறு ஊர்வலக் காட்சியில் உள்ளவாறு, கையில் ஓலையும் தலையில் மலர்களும் ஏந்திய தோற்றம் அது. தலைக்குப் பின்னுள்ள வளைவு பைசாந்தியப் பாணியிலான சில்லோவியப் பதிப்பால் ஆனது. நாடகப் பெயர், நடிகையின் பெயர், அரங்கின் பெயர் ஆகிய மூன்றே முதன்மைச் சொற்கள்.

இச்சுவரொட்டியின் அழகு பலரால் பாராட்டப்பெற்றது. இக்கட்டுரைக்கு வேண்டுவது அதன் நேர்மை. முகம் பெர்னாருடையது, அம்முகத்தை அடுத்தே அவர் பெயரும் உள்ளது. உடை மேடையில் அணிந்தது. காட்சி நாடகத்தில் உள்ளது. காலத்தைச் சுட்டும் பணியைச் சில்லோவிய வளைவு ஏற்கிறது. முகத்தை வரலாறு என்று நம்புமாறு அது எவரையும் தூண்டவில்லை. ஸ்பெஷல் நாடகச் சுவரொட்டியும் மூக்காவின் படைப்பும் தோற்றத்தில் எதிரெதிரானவை; ஆயினும், முகத்தை நடிகருக்குரியதாக வைத்தலில் ஒன்றுபடுகின்றன.

4. முகம்: நடிகரும் அரசனும்

பெயர் நீங்கினால் முகம் என்னவாகும் என்பதற்குக் கட்டபொம்மன் வரலாறு சான்றாகிறது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் கதையைச் சக்தி கிருஷ்ணசாமி நாடகமாக்கினார். சிவாஜி நாடக மன்றம் 1957இல் அதனை மேடையேற்றியது. 1959இல் அது திரைப்படமாயிற்று. பின்னர்க் கயத்தாற்றில் சிவாஜி கணேசனின் முயற்சியால் 1970இல் சிலை எழுந்தது. அச்சிலையைக் காண்போர்க்கு மேடையிலும் திரையிலும் கண்ட கட்டபொம்மனே நினைவுக்கு வருகிறான். சுவரொட்டியில் நடிகரின் பெயரோடு நின்ற தோற்றம், பெயர் நீங்கியபோது வரலாற்று மாந்தனின் தோற்றமாகப் பொதுமனத்தில் நிலைபெற்றுவிட்டது. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. வேறு உருவம் கிடைக்காத இடத்தை நாடக உருவம் நிரப்பிற்று என்பதே உண்மை.

இராசராசனின் நிலையும் இதனை ஒத்ததே. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்பாதையில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். அவற்றுள் இருவர் இணைந்து நிற்கும் ஓவியம் ஒன்று, இராசராசனும் கருவூர்த் தேவரும் எனப் பரவலாகக் குறிக்கப்படுகிறது. இவ்வடையாளத்தை மறுப்போரும் உளர். அவன் காசுகளில் நிற்கும் உருவம் ஒருபுறமும், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும் மறுபுறமும் உள்ளன. ஆனால் அவை முகத்தோற்றத்தைக் காட்டும் நோக்கில் அமைந்தவை அல்ல. ஆகவே, இராசராசனின் முகத்தை வரையும் எந்தச் சுவரொட்டியும் புனைவையே வரைகிறது.

புனைவு குற்றமன்று, நாடகமே புனைவுதான். அது சான்றின் உடையில் வருவதே சிக்கல். கணினியால் உருவாக்கிய முகத்தைக் கல்லின் நிறமூட்டிச் சிலை போலவோ, சுண்ணச் சுவரின் வெடிப்புகளோடு பழைய ஓவியம் போலவோ அமைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. பார்ப்பவர் அதனைத் தொல்பொருள் என்றே கருதுவார். மாறாக, நடிகரின் ஒளிப்படத்தை ஒப்பனையோடு வெளிப்படையாக இட்டு, ‘ராஜராஜனாக’ என்ற சொல்லையும் நடிகர் பெயரையும் அதன் கீழ்ச் சேர்த்தால் புனைவு தன்னைப் புனைவென்றே அறிவிக்கும்.

இங்கு மற்றொரு மயக்கமும் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த படங்கள், சோழர் கால மாந்தர் பற்றிய தமிழ் வாசகரின் காட்சி நினைவை உருவாக்கின. அந்நினைவில் குந்தவை என்பவள் இராசராசனின் தமக்கை. வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்த குந்தவையோ இராசராசனின் மகள். ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தின் கதை இம்மகளோடு தொடர்புடையது. கொண்டையிட்ட பெண்ணுருவை வரைந்து ‘குந்தவை’ என்று மட்டும் எழுதினால் பார்வையாளர் தமக்கையையே எண்ணுவர். மாந்தர் பெயருடன் உறவுமுறையையும் சேர்த்துக் குறித்தல் இங்கு அழகியல் தேவையன்று. பொருள் தெளிவுக்கான தேவை.

5. எழுத்து: பழமைத் தோற்றமும் காலத் தோற்றமும்

வரலாற்று நாடகச் சுவரொட்டியில் முகத்தினும் மிகுதியாகக் காலத்தை உணர்த்துவது எழுத்து வடிவம். இதில் இரு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, பழைய அச்செழுத்தைச் சோழர் எழுத்தாகக் கருதுதல். ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்த வடிவோடும் எழுதித் தலைப்புக்குப் பழமையூட்டுவது வழக்கம். இவ்வடிவங்கள் 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் வழங்கியவை. அவை சுட்டுவது 20ஆம் நூற்றாண்டு அச்சகத்தையே. 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சையை அன்று. கம்பெனி நாடக மரபை நினைவூட்டுவது நோக்கமாயின் அவற்றைப் பயன்படுத்துதல் தகும். சோழர் காலத்தை உணர்த்துவது நோக்கமாயின் தகாது.

இரண்டாவது, கல்வெட்டு எழுத்தையே தலைப்பாக்குதல். சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு வரிவடிவில் காட்டப்படுவதில்லை. ‘சோழன்’ என்பது ‘சொழன’ என்றே கண்ணுக்குத் தோன்றும். ‘ராஜராஜ’ என்னும் பெயரோ பெரும்பாலும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டது. எனவே, அக்கால முறைப்படி எழுதிய தலைப்பைப் படிக்க முதற்சொல்லுக்குக் கிரந்தமும் இரண்டாஞ்சொல்லுக்குச் சோழர் காலத் தமிழெழுத்தும் அறிந்திருக்க வேண்டும். கல்வெட்டறிஞர்க்கு அது இன்பம் தரலாம். பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு அது கோடுகளின் தொகுதியே. வட்டெழுத்தைப் பயன்படுத்துதல் மேலும் பொருந்தாது. தஞ்சைக் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் அமையவில்லை. பாண்டிய நாட்டில் வழங்கிய வட்டெழுத்தின் இடத்தைச் சோழர் ஆட்சியில்தான் தமிழெழுத்துப் பெற்றது.

தலைப்பு இன்றைய எழுத்தில் அமைதல் வேண்டும். கல்வெட்டெழுத்து பின்புலத்தில் சான்றாக அமையலாம் என்பதே இதற்குத் தீர்வு. அவ்வாறு அமைக்கும்போது தோன்றியவாறு எழுத்துகளைச் சிதறவிடாமல், உண்மையான கல்வெட்டின் மைப்படியை எடுத்தாள வேண்டும். இந்நாடகத்திற்கு மேற்கூறிய இராசராசேசுவர நாடகக் கல்வெட்டினும் பொருத்தமானது பிறிதில்லை. அது இராசராசனுக்குப் பிற்பட்ட இரண்டாம் இராசேந்திரனுடையது என்பதைச் சுவரொட்டியின் ஓரத்தில் சிற்றெழுத்தில் குறித்துவிட்டால், சான்றும் பிறழாது. கோயிலின் பெயர் தாங்கி அங்கு ஆடப்பெற்ற நாடகத்தின் நினைவும் இணையும்.

6. கட்டடமும் பொருளும்: காலப்பிழை தவிர்த்தல்

இராசராசன் என்றதும் வடிவமைப்பாளர் முதலில் நாடுவது தஞ்சை விமானத்தின் ஒளிப்படம். விமானத்தின் உச்சியில் வைப்பதற்குரிய செப்புக்குடத்தை இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் அளித்தான் எனக் கல்வெட்டு கூறுகிறது. இது 1010ஆம் ஆண்டைச் சாரும். நாடகக் காட்சி அதற்கு முற்பட்டதாயின், முழுமையுற்ற விமானம் அக்காட்சியின் பின்புலமாக நிற்றல் காலப்பிழையாகும்.

ஒளிப்படத்தின் கோணமும் கருதத்தக்கது. கிழக்கிலிருந்து எடுக்கப்படும் வழக்கமான படத்தில் முன்னே தெரியும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. வெளி வாயிலோ மராட்டியர் பெயரால் வழங்குவது. ஒரே படத்தில் பல நூற்றாண்டுகள் கலந்துவிடுகின்றன. இராசராசன் காலக் கட்டடத்தை மட்டும் காட்ட விரும்புவோர் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டு வரிகளையோ, இராசராசன் திருவாயிலின் சிற்பங்களையோ தேரலாம். சோழர் முத்திரைகளில் காணும் புலி, இணைக்கயல், வில் ஆகியவையும் பயன்படத்தக்க சின்னங்களே.

உடையிலும் இதே கவனம் வேண்டும். வெல்வெட்டு அங்கியும் சரிகை வேலைப்பாடும் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் தமிழ் மேடைக்கு வந்தவை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் ஓவியங்களும் காட்டும் அணிமுறை வேறு. நாடகக் குழு கம்பெனி மரபு உடையையே தேர்ந்திருப்பின், சுவரொட்டியும் அதனையே காட்டுதல் முறை. மேடையில் இல்லாததைச் சுவரில் காட்டுதல் பார்வையாளரிடம் சொன்ன சொல் தவறுவதாகும். வண்ணத் தேர்வுக்குச் சோழர் ஓவியங்களின் காவிச்சிவப்பு, மஞ்சட்காவி, வெள்ளை, கருமை ஆகியன போதுமானவை. அவை அச்சிலும் தெளிவாகப் பதியும்.

7. வடிவமைப்பு முன்மொழிவு

‘ராஜராஜ சோழன்’ நாடகத்தை 1950களில் டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர். 1973இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகவும் அது வெளிவந்தது. இந்நாடகம் இன்று மீண்டும் மேடையேற்றப்படுமாயின், 20 × 30 அங்குல டபுள் கிரவுன் தாளில் அதற்கான சுவரொட்டியைப் பின்வருமாறு அமைக்கலாம்.

10 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்துயரம் என்பது அறிவிப்புப் பலகைகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. தெருவின் மறுபுறம் 30 அடித் தொலைவில் நிற்பவர் படிக்கத் தலைப்பெழுத்து 3 அங்குலம் வேண்டும். எழுத்தின் அகலத்தை உயரத்திற்கு ஏறத்தாழச் சமமாகக் கொண்டால், துணைக்கால்கள் உட்பட ஆறு குறிகள் கொண்ட ‘ராஜராஜ’ 18 அங்குலம் பெறும். இருபுறமும் ஓரங்குல ஓரத்துடன் தாளில் சரியாக அடங்கும். ஐந்து குறிகள் கொண்ட ‘சோழன்’ 15 அங்குலத்தில் அடுத்த வரியில் அமையும். தனித்தமிழ் நோக்கில் ‘இராசராச’ என மாற்றினால் ஏழு குறிகள் 21 அங்குலமாகித் தாளைக் கடக்கும். அது நிற்க, ஆசிரியர் இட்ட தலைப்பை மாற்றாமையே பதிப்பு நெறியுமாகும்.

தாளின் உயரம் 30 அங்குலம். மேலும் கீழும் ஓரங்குல ஓரம் போக, தலைப்புக்கு 7, படத்திற்கு 14, அறிவிப்புக்கு 7 எனப் பகுக்கலாம். படப்பகுதியில் நாடகத்தின் குறிப்பிட்ட ஒரு காட்சியில் நடிகர் நிற்கும் தோற்றம் ஒன்றே இடம்பெறும். அதன் கீழ் வேடமும் நடிகர் பெயரும் அமையும். பின்புலத்தில் மங்கலாகக் கல்வெட்டு மைப்படி. அறிவிப்புப் பகுதியில் நாள், கிழமை, நேரம், அரங்கு, கட்டணம் ஆகியன ஒரே எழுத்துருவில் அமையும். எழுதியவர், இயக்குபவர் பெயர்கள் தலைப்பை அடுத்து நிற்கும். இவ்வாறு தலைப்பும் அறிவிப்பும் இன்றைய எழுத்திலும், புனைவு நடிகர் பெயருடனும், சான்று அதன் மூலக்குறிப்புடனும் தத்தம் இடத்தில் அமைகின்றன.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. நாடகப் பெயர், ஆடுவோர், இடம், காலம், பொருட்குறிப்பு என்னும் ஐந்து கூறுகளை 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே காணமுடிகிறது. இன்றைய சுவரொட்டிக்கும் இவையே அடிப்படை.

2. வரலாற்று மாந்தரின் உண்மை உருவம் கிடைக்காதபோது, சுவரொட்டியில் உள்ள முகம் நடிகருக்குரியது. நடிகர் பெயரை அம்முகத்தை விட்டுப் பிரித்தல் ஆகாது.

3. பழைய அச்செழுத்து சோழர் எழுத்தன்று. தலைப்பு படிக்கத்தக்க இன்றைய எழுத்திலும், கல்வெட்டு மூலக்குறிப்புடன் பின்புலத்திலும் அமைதல் தகும்.

4. கட்டடம், உடை, சின்னம் ஆகியவற்றைக் காட்சி நிகழும் ஆண்டோடு ஒப்பிட்டுத் தேர்ந்தால் காலப்பிழை தவிர்க்கப்படும்.

நாடகக் குழுக்களுக்கு இத்தகைய சரிபார்ப்பைத் தாமே செய்துகொள்ளும் வாய்ப்புக் குறைவு. மைப்படி எது, மண்டபம் எக்காலத்தது, குந்தவை எவள் என்னும் வினாக்களுக்கு விடைகூறுதல் தமிழ்த்துறைகளுக்கும் கல்வெட்டியல் துறைகளுக்கும் எளிது. அச்சகத்துக்குச் செல்லும் முன் சுவரொட்டி ஒருமுறை ஆய்வாளர் கைக்கு வருமாயின், நாடகத்திற்கு வாராதவர்க்கும் அது பிழையற்ற வரலாற்றின் ஒரு பக்கமாக அமையும்.